பாதி டேங்க் பெட்ரோலில் ஒரு உலகப் பட்டம்

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், இயந்திரவியல் துறையின் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, நீ டர்போ சம்பந்தப்பட்ட வேலையிலதானே இருக்கே, பசங்களுக்குப் பிடிக்கிற மாதிரி ஏதாவது பேசு. சுயமுன்னேற்றம் மட்டும் வேணாம், அதுக்கு வேற ஆளு சொல்லியாச்சு" என்றார். எனக்கு நிம்மதியாகப் போயிற்று. என் வேலை லாரி, வேன் டீசல் என்ஜின்களுக்கு டர்போ பொருத்திச் சோதித்துப் பார்ப்பது. அதைப் பற்றி அரை மணி நேரம் பேசினால் மதிய சாப்பாட்டுக்கு முன்பே பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். அதனால் நான் பிறப்பதற்கு முன்பு ஓடிய ஒரு பந்தயக் காரைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். பெயர் பிராபம் பி.டி. 52. ஓடிய ஆண்டு 1983. ஓட்டியவர் பிரேசில் நாட்டு நெல்சன் பிக்கே. டர்போ என்ஜின் காரில் முதன்முதலாக ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வாங்கியவர் அவர்தான்.

டர்போ என்றால் என்னவென்று இந்தச் சபையில் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் கெமிஸ்ட்ரி, காமர்ஸ் படித்தவர்களும் வந்திருப்பதால் இரண்டு வரி. என்ஜினிலிருந்து வெளியே போகும் சூடான புகை வீணாகத்தானே போகிறது? அதன் வழியில் ஒரு சக்கரத்தை வைத்துச் சுழலவிட்டு, அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தை வைத்தால், அது வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிக்கும். காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரிக்கலாம். சின்ன என்ஜின் பெரிய என்ஜின் வேலையைச் செய்யும். அவ்வளவுதான்.

1966 முதல் கிராண்ட் பிரி விதி இப்படி இருந்தது: டர்போ இல்லாத என்ஜின் என்றால் 3000 சி.சி. வரை வைத்துக்கொள்ளலாம், காற்றை அழுத்தித் திணிப்பதென்றால் 1500 சி.சி.தான். பாதி அளவு என்ஜினை யார் வைப்பார்கள் என்று பத்து வருஷத்துக்கும் மேல் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. 1977 ஜூலையில் சில்வர்ஸ்டோனுக்கு ரெனோ கம்பெனி ஒரு மஞ்சள் நிற டர்போ காரைக் கொண்டுவந்தது. அடிக்கடி புகைவிட்டு நின்றதால் அதற்கு 'மஞ்சள் டீ கெட்டில்' என்று பட்டப்பெயர் வைத்துச் சிரித்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1979இல், டிஜான் நகரில் அதே ரெனோவின் டர்போ கார் முதல் வெற்றி பெற்றதும் சிரிப்பு நின்றது. ஆளாளுக்கு டர்போ தேட ஆரம்பித்தார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், டர்போவுக்குப் பாதை போட்டது ரெனோ. 1983இல் அந்தப் பட்டம் தங்களுக்குத்தான் சேர வேண்டும் என்று அவர்கள் நினைத்ததில் தப்பே இல்லை.

இனி நம்ம கதாநாயகர்கள். பிராபம் குழுவின் முதலாளி பெர்னி எக்கல்ஸ்டன். வடிவமைப்பாளர் கார்டன் முர்ரே. இவர் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்தவர். நம்ம ஆட்கள் கப்பலேறிக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போய் இறங்கினார்களே, அதே டர்பன். அங்கே நேட்டால் டெக்னிக்கல் காலேஜில் மெக்கானிக்கல் படித்துவிட்டு, 1969இல் வேலை தேடி இங்கிலாந்து போனவர். பெரிய பல்கலைக்கழகம் எதுவும் இல்லை, நம்மைப் போல ஒரு தொழில்நுட்பக் கல்லூரிதான். (கைதட்டல்) கைதட்டலை அவருக்காக வைத்துக்கொள்கிறேன்.

என்ஜின் கொடுத்தது ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. செய்தவர் பால் ரோஷே. நாலு சிலிண்டர், 89.2 மில்லிமீட்டர் போர், 60 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக். பெருக்கிப் பாருங்கள், 1500 சி.சி.க்கு ஒரு நூல் குறைவாக வரும். இதில் வேடிக்கை என்னவென்றால், இதன் பிளாக் 1960களில் அந்தக் கம்பெனி சாதாரணக் குடும்பக் காரில் போட்ட இரும்பு வார்ப்பு பிளாக்கின் வம்சம். மற்றவர்கள் வி-6 என்றும் அலுமினியம் என்றும் போய்க்கொண்டிருந்தபோது, இவர்கள் கடைவீதிக்குப் போகிற காரின் பிளாக்கை எடுத்து வந்தார்கள். அதிலும் புது பிளாக்கைவிட, நிறைய ஓடிப் பழசான பிளாக்கைத்தான் ரோஷே விரும்பினார். காரணம் உண்டு. வார்ப்பு ஆறும்போது உள்ளே இறுக்கம் தங்கிவிடும். பல ஆயிரம் தடவை சூடேறி ஆறினால்தான் அது தளரும். நம்ம ஊர் பவுண்டரிகளில் லேத் பெட் வார்த்ததும் முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்கில் போட்டு வைப்பார்கள் இல்லையா, அதே சங்கதி. அந்த பிளாக்குகளை வெளியே போட்டுவைத்து, தொழிலாளர்கள் அதன்மேல் என்ன செய்தார்கள் என்று இன்னொரு கதையும் உலவுகிறது. பெரியவர்கள் இருக்கும் மேடையில் அதைச் சொல்ல முடியாது, சாப்பாட்டு நேரத்தில் கேளுங்கள்.

1982இல் இந்த என்ஜின் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஜூன் 6ஆம் தேதி டெட்ராய்ட் பந்தயம். முந்தைய வருஷத்து உலக சாம்பியனான பிக்கே, பந்தயத்தில் கலந்துகொள்ளும் தகுதிகூடப் பெறவில்லை. வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று. சரியாக ஒரு வாரம் கழித்து, ஜூன் 13, மான்ட்ரியல். அதே ஆள், அதே என்ஜின், முதல் இடம். சோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், இப்படி ஒரு என்ஜின் கையில் இருந்தால் ராத்திரி தூக்கம் வராது. முழுசாக மோசமாக இருந்தால் தூக்கிப் போட்டுவிடலாம். திடீரென்று ஒருநாள் ஜெயித்துக் காட்டும் என்ஜினை என்ன செய்வது?

அந்த 1982இன் நடுவிலேயே முர்ரேவுக்கு ஒரு யோசனை வந்தது. அதுதான் இந்தப் பேச்சின் மையம், கொஞ்சம் கவனியுங்கள். அந்தக் காலத்தில் எல்லோரும் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பி, நிற்காமல் கடைசி வரை ஓட்டுவார்கள். நடுவில் பெட்ரோல் போடக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. நேரம் வீணாகும் என்று யாரும் செய்யவில்லை, அவ்வளவுதான். முர்ரே பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

நாமும் போடலாம், தம்பிகளா. இது என்னுடைய தோராயக் கணக்கு, அவருடையது அல்ல. 60 சுற்றுப் பந்தயம், மொத்தம் 180 லிட்டர் தேவை என்று வையுங்கள். பாதியோடு கிளம்பினால் முதல் 30 சுற்றிலும் நீங்கள் அடுத்தவனைவிட 90 லிட்டர் குறைவாகச் சுமக்கிறீர்கள். லிட்டருக்கு முக்கால் கிலோ என்றால் 67 கிலோ சொச்சம், அதாவது ஒரு ஆள் எடை. பத்துக் கிலோவுக்கு ஒரு சுற்றில் 0.3 விநாடி என்பது பந்தயக்காரர்களின் பட்டறைக் கணக்கு. அப்படியானால் சுற்றுக்கு 2 விநாடி, 30 சுற்றுக்கு 60 விநாடி லாபம். பிட்டுக்குள் நுழைந்து, நின்று, பெட்ரோலும் டயரும் போட்டு வெளியே வர அரை நிமிஷம் போனாலும், இன்னொரு அரை நிமிஷம் கையில் நிற்கிறது. அதோடு டயர் பாதித் தூரம் தாங்கினால் போதும் என்பதால், மென்மையான, நன்றாக ஒட்டிப் பிடிக்கிற டயரைப் போடலாம். ஒன்பதாம் வகுப்புக் கணக்கு! பதினைந்து குழுவின் என்ஜினியர்களும் அதைப் போட்டுப் பார்க்காமல் இருந்ததுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம்.

கணக்கு சுலபம், செய்வது கஷ்டம். சாதாரண வேகத்தில் பெட்ரோல் இறங்கினால் விடிந்துவிடும், எனவே அழுத்தம் கொடுத்துத் தள்ள வேண்டும். புது டயர் குளிர்ச்சியாக இருந்தால் முதல் சில சுற்றில் வழுக்கும். அதனால் டயரை முன்கூட்டியே சூடாக்கி வைக்க ஒரு பெட்டி செய்தார்கள். இன்றைக்கு எல்லாரும் டயருக்குக் கம்பளி போர்த்துகிறார்களே, அதன் தாத்தா அது. 1982 ஆஸ்திரியப் பந்தயத்தில் முதல் தடவையாக நிறுத்திப் பெட்ரோல் போட்டுக் காட்டினார்கள். ஆனால் அந்தக் கார் முழு டேங்குக்காக வரைந்த கார்தான்.

1982 நவம்பர். பந்தய விதிகளை வகுக்கும் ஃபீசா அமைப்பு ஒரு குண்டைப் போட்டது. அதுவரை கார்களின் அடிப்பக்கம் தலைகீழான விமான இறக்கை மாதிரி வளைந்திருக்கும். கீழே ஓடும் காற்று காரைத் தரையோடு உறிஞ்சிப் பிடிக்கும். வளைவுகளில் வேகம் ஆபத்தான அளவுக்குப் போய்விட்டது என்று, 1983 முதல் சக்கரங்களுக்கு இடையே அடிப்பாகம் தட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். முதல் பந்தயம் மார்ச் 13. நடுவில் நாலு மாதம்.

முர்ரே அப்போது பி.டி. 51 என்ற அடுத்த காரைத் தயார் செய்துகொண்டிருந்தார். பழைய விதிக்குப் பொருந்தும் கார். அடியை மட்டும் தட்டையாக வெட்டிச் சமாளித்திருக்கலாம். பல குழுக்கள் தங்கள் காரை அப்படித்தான் சமாளித்தன. முர்ரே அதை ஓரமாக வைத்துவிட்டு வெள்ளைத் தாளிலிருந்து ஆரம்பித்தார். மாதக்கணக்காக வரைந்த டிராயிங்கை மூடி வைப்பது என்ன வலி என்பது வரைந்தவனுக்குத்தான் தெரியும்.

அவருடைய யோசனை எப்படிப் போயிருக்கும் என்று காரைப் பார்த்தாலே புரிந்துவிடுகிறது. அடியில் உறிஞ்சும் காற்று இல்லையா, அப்படியானால் பக்கவாட்டில் நீளமான பெட்டிகள் எதற்கு? வெட்டு. ரேடியேட்டரையும் இன்டர்கூலரையும் பின்னால் கொண்டுபோய் வை. 600க்கும் மேற்பட்ட குதிரைத்திறன் பின்சக்கரங்களில் இறங்கப்போகிறது. அவை வழுக்காமல் பிடிக்க வேண்டுமானால் எடை முழுக்கப் பின்னால் போகட்டும். பெட்ரோல் நடுவில் போட்டுக்கொள்ளப் போகிறோம் என்று முடிவாகிவிட்டது, அப்படியானால் பெரிய டேங்க் எதற்கு? விதி 250 லிட்டர் வரை அனுமதித்தது. இவர் சின்ன டேங்க் வைத்தார். இதுதான் துணிச்சல். இனி மனசு மாறி 'இன்றைக்கு நிற்காமல் ஓட்டலாம்' என்று நினைத்தாலும் முடியாது. வேண்டுமென்றே அந்தக் கதவைப் பூட்டிவிட்டார்.

வந்த காரைப் படத்தில் பாருங்கள். முன்னால் ஒல்லியாக அம்புபோல நீண்டு, பின்னால் மட்டும் தோள் புடைத்து நிற்கும். என் கண்ணுக்கு, அதைவிட அழகான பந்தயக் கார் வந்ததில்லை. சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

மார்ச் 13, பிரேசில், ஜாக்கரபாகுவா. பிக்கேயின் சொந்த ஊர், ரியோ. புதுக் கார், முதல் பந்தயம், முதல் இடம். அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. நடுவில் பெட்ரோல் போட நின்ற கெகே ராஸ்பர்க்கின் வில்லியம்ஸ் கார் தீப்பிடித்துக்கொண்டது. அவர் வெளியே குதித்து, தீ அணைந்ததும் திரும்ப ஏறி ஓட்டினார். (அந்த மனுஷனை என்னவென்று சொல்வது!) இரண்டாவதாக வந்தும், காரைத் தள்ளிக் கிளப்பியதால் தகுதி இழந்தார். பாதி டேங்க் யோசனையின் மறுபக்கம் அது. அழுத்தத்தில் பாயும் பெட்ரோலும் கொதிக்கும் டர்போவும் இரண்டு கை தூரத்தில் இருந்தன. என் வேலையிடத்தில் இப்படி ஒரு ஏற்பாட்டுக்கு அனுமதி கேட்டால், பாதுகாப்பு அதிகாரி என்னைத்தான் முதலில் வெளியே அனுப்புவார்.

அதன் பிறகு பிக்கே பிரான்சில் இரண்டாவது, மொனாக்கோவில் இரண்டாவது, சில்வர்ஸ்டோனில் இரண்டாவது. டெட்ராய்ட்டில் முன்னணியில் போய்க்கொண்டிருந்தபோது டயர் பஞ்சராகி நான்காவது. புள்ளிகள் சேர்ந்தன, வெற்றி சேரவில்லை. இன்னொரு பிராபமை ஓட்டியவர் இத்தாலியரான ரிக்கார்டோ பத்ரேசே. இமோலாவில், தன் சொந்த நாட்டில், சில சுற்றுகளே மீதமிருக்க முதலிடத்தில் இருந்தவர், சறுக்கி மோதி நின்றார். கூட்டம் ஆரவாரம் செய்தது. ஏனென்றால் பின்னால் வந்தது ஃபெராரி! ஊர்க்காரன் விழுந்தாலும் பரவாயில்லை, ஊர்க் கார் ஜெயிக்க வேண்டும்.

இதற்கிடையே ரெனோவின் அலன் ப்ரோஸ்ட் பிரான்ஸ், பெல்ஜியம், பிரிட்டன், ஆஸ்திரியா என்று நாலு பந்தயம் ஜெயித்துவிட்டார். ஆகஸ்டில் ஆஸ்திரியா முடிந்தபோது ப்ரோஸ்ட் 51, பிக்கே 37. முதலிடத்துக்கு 9 புள்ளி தரும் அந்தக் காலத்தில், நாலே பந்தயம் மிச்சமிருக்க 14 புள்ளி வித்தியாசம். கிட்டத்தட்ட முடிந்த கதை. ஆனால் ஜெயித்தவருக்கே மனசு கேட்கவில்லை. பி.எம்.டபிள்யூ என்ஜின் நம்மை முந்திவிட்டது, ஏதாவது செய்யுங்கள் என்று ப்ரோஸ்ட் தன் குழுவை எச்சரித்தார். முன்னணியில் இருப்பவன் சொல்லும் எச்சரிக்கையை யார் கேட்கிறார்கள்?

அடுத்து ஹாலந்து, ஜாண்ட்வோர்ட். முன்னால் பிக்கே, பின்னால் ப்ரோஸ்ட். டார்சான் வளைவில் ப்ரோஸ்ட் உள்ளே நுழையப் பார்த்து இடித்துவிட, இரண்டு பேருமே காலி. மான்சாவில் ப்ரோஸ்ட்டின் டர்போ போயிற்று, பிக்கே முதலிடம். பிராண்ட்ஸ் ஹாட்சில் பிக்கே முதலிடம், ப்ரோஸ்ட் இரண்டாமிடம். இப்போது கணக்கு: ப்ரோஸ்ட் 57, பிக்கே 55, ஃபெராரியின் ரெனே ஆர்னூ 49. மிச்சம் ஒரே ஒரு பந்தயம், அக்டோபர் 15, தென்னாப்பிரிக்காவின் க்யாலமி.

க்யாலமி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டர் உயரம். காற்று மெலிவு. சாதாரண என்ஜின் அங்கே திணறும், டர்போ என்ஜின் அதிகம் உழைத்து ஈடுகட்டும். அதிகம் உழைப்பது டர்போவின் உயிரைக் குடிக்கும். ரெனோ கம்பெனி பிரெஞ்சுப் பத்திரிகையாளர்களைத் திரளாக விமானத்தில் அழைத்து வந்திருந்தது, பட்டாபிஷேகம் பார்க்க.

இங்கேதான் முர்ரே அந்தச் சின்ன டேங்கை ஆயுதமாகவே எடுத்தார். வழக்கத்தைவிடக் குறைந்த பெட்ரோலோடு பிக்கேயை அனுப்பினார். இறகு மாதிரி இருந்த கார் முதல் சுற்றிலேயே முன்னால் போய், கண்ணுக்கு எட்டாத தூரம் பறந்துவிட்டது. பின்னால் வருகிற ரெனோவுக்கு இரண்டே வழி: துரத்தி டர்போவைச் சாகடிப்பது, அல்லது விட்டுவிட்டுப் பட்டத்தை இழப்பது. ஆர்னூவின் என்ஜின் 9வது சுற்றில் போனது. 35வது சுற்றில் ப்ரோஸ்ட் பிட்டுக்குள் வந்து நின்றுவிட்டார். மறுபடியும் டர்போ.

அந்தச் செய்தி தெரிந்ததும் பிக்கே செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பூஸ்ட் அழுத்தத்தைக் குறைத்தார். ஜெயித்துக்கொண்டிருந்த பந்தயத்தில் பத்ரேசேயை முன்னால் போகவிட்டார். அடுத்தவரும் தாண்டினார், சும்மா இருந்தார். நான்காவதாக வந்தால்கூடப் பட்டம். பத்ரேசே முதலிடம், ஆல்ஃபா ரோமியோவின் ஆந்த்ரேயா டி சேசரிஸ் இரண்டாமிடம், பிக்கே மூன்றாமிடம். 59க்கு 57. முதலில் வரக்கூடிய காரை மூன்றாவதாக ஓட்டிக்கொண்டு வருவதற்கு எவ்வளவு கட்டுப்பாடு வேண்டும்! குழுக்களுக்கான பட்டம் 89 புள்ளிகளோடு ஃபெராரிக்குப் போனது, பிராபம் மூன்றாமிடம்தான். சில நாட்களில் ரெனோவும் ப்ரோஸ்ட்டும் பிரிந்தார்கள். டர்போவுக்குப் பாதை போட்ட ரெனோ, தன் டர்போ காரில் கடைசி வரை ஒரு உலகப் பட்டம்கூட வாங்கவில்லை.

ஒரு விஷயத்தை மறைத்தால் நியாயம் இல்லை. கெமிஸ்ட்ரி அக்கா ஒருவர் காலையிலேயே என்னிடம் கேட்டுவிட்டார், அந்தப் பெட்ரோல் விவகாரம் என்று. காற்றை அழுத்தினால் சூடாகும். சூடான காற்றில் பெட்ரோல் நேரம் தப்பி வெடிக்கும். நம்ம மெக்கானிக் 'நாக்கிங்' என்பாரே, அது. டர்போ என்ஜினுக்கு எமன் அதுதான். அது தடுக்கப்பட்டால் பூஸ்ட்டை இன்னும் ஏற்றலாம். 1983இன் பிற்பகுதியில் பி.எம்.டபிள்யூகாரர்கள் ஜெர்மனியின் வின்டர்ஷால் கம்பெனி மூலமாக, டொலுவீன் அதிகமுள்ள ஒரு புதுப் பெட்ரோலைக் கொண்டுவந்தார்கள். விதி 102 ஆக்டேனுக்கு மேல் கூடாது என்றது. இவர்களுடையது அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது என்று பருவம் முடிந்ததும் குற்றச்சாட்டு எழுந்தது. ரெனோ முறைப்படி புகார் கொடுக்கவில்லை, பட்டமும் மாறவில்லை. என் கருத்தைக் கேட்டால், பட்டம் கிடைத்த வித்தியாசம் இரண்டே புள்ளி, எனவே பெட்ரோல் பங்கு ஒன்றுமில்லை என்று என்னால் சொல்ல முடியாது. அதேசமயம் மான்சாவிலும் க்யாலமியிலும் ப்ரோஸ்ட்டின் டர்போவை உடைத்தது பிக்கேயின் பெட்ரோல் அல்ல.

1984க்கு விதியை மறுபடி மாற்றினார்கள். நடுவில் பெட்ரோல் போடத் தடை. முழுப் பந்தயத்துக்கும் 220 லிட்டர்தான். சின்ன டேங்க் வைத்த பி.டி. 52 ஒரே வருஷத்தில் செல்லாக் காசாயிற்று. அடுத்து வந்த பி.டி. 53இல் பிக்கே ஒன்பது தடவை முதல் இடத்திலிருந்து கிளம்பினார், இரண்டே தடவை ஜெயித்தார். மீதிப் பெரும்பாலும் புகைதான். நடுவில் பெட்ரோல் போடும் வழக்கம் 1994இல் திரும்பி வந்து, 2010இல் மறுபடியும் போய்விட்டது.

சாம்பார் வாசம் இங்கேவரை வந்துவிட்டது, செயலாளர் அண்ணனும் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒர்க்‌ஷாப்பில் கார் கட்டிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள், உங்கள் டேங்க் டிராயிங்கை எடுத்துக்கொண்டு பந்தியில் என் பக்கத்தில் உட்காருங்கள், சேர்ந்து பார்ப்போம்.